சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பூஜ்யம்

ஒரு இயந்திரம் "என்னிடம் பிழை எதுவும் பதிவாகவில்லை" என்று சொன்னால், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று சொல்வீர்களா? அவசரப்பட்டுத் தலையை ஆட்டாதீர்கள். நன்றாகப் படித்த மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்படித்தான் சொல்ல இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்கள், வரியை ஒழுங்காகக் கட்டுபவர்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டவர், லிப்ட் போகாத ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் அவரை மாடியக்கா என்பார்கள். பத்தொன்பது வயதில் அதே நிறுவனத்தின் தரைத்தளத்தில் பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். விரல் நுனியில் ஈயச் சூட்டின் தழும்பு இப்போதும் இருக்கிறது. உடைந்த மின்சுற்றுக் கார்டுகளைப் பழுது பார்க்க முதல் மாடிக்குப் போக நான்கு வருடம் ஆயிற்று. சோதனைப் பிரிவுக்காக இரண்டாவது மாடிக்கு ஏற இன்னும் நான்கு வருடம். யாரும் படிக்காமல் அட்டைப்பெட்டியில் கிடந்த கையேடுகளைப் படித்துப் படித்து நிரல் எழுதக் கற்று, முப்பதாவது வயதில் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பட்டத்தைக் காட்டி நேராக மேலே ஏறினார்கள். "நீங்க லிப்ட்ல வந்தீங்க, நான் படியில வந்தேன். மூச்சு வாங்குறது மட்டும் எனக்கு" என்பார். இப்போது வயது நாற்பத்தெட்டு.

அறையில் மூன்று மேசைகள். மூடி கழற்றிய ஏழு பழைய கணினிகள். சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னலில் மடித்துச் செருகிய அட்டை. அந்த நிறுவனம், தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கும் கேமரா அமைப்புகளைச் செய்கிறது. கேமரா எடுக்கும் படத்தைக் கணினிக்குள் கொண்டுவர ஒரு கார்டு. கணினியின் பாகங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் அடி மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அந்தக் கர்னலும் கார்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். மாடியக்கா பதினெட்டு வருடமாக எழுதுவதும் திருத்துவதும் அதைத்தான்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுகிறார். கணவரின் தங்கை, பள்ளியில் கணக்கு டீச்சர், அவர்களோடுதான் இருக்கிறார். "வீட்ல ரெண்டு டிரைவர். ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வர ஆளில்ல" என்பது நாத்தனாரின் வாராந்திரப் புலம்பல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். மாடியக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கையில் ஒரு தாள், முகத்தில் அவசரம்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. நின்னுக்கிட்டே போட்டுடலாம்."

"உக்காந்து படிச்சிட்டு, அப்புறம் நின்னுக்கிட்டே போடறேன். குடுங்க தம்பி."

இரண்டே வரிகள். குறிப்பிட்ட நேரங்களில் பரிசோதனை அமைப்பில் பிழை எதுவும் பதிவாகவில்லை. ஆகவே அமைப்பு சரியாக இயங்கியது.

மாடியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் வரி லாக்ல இருக்கு, மெஷின் தானே எழுதற பதிவுல. ரெண்டாவது வரி எங்க இருக்கு?"

"அது அதுலேருந்து தானே வருது?"

"நேத்து என் வீட்டுக்கு யாரும் ஃபோன் பண்ணல. அதனால என் சொந்தக்காரங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதித் தரட்டுமா?"

"அக்கா, வெளையாடாதீங்க. வெள்ளிக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க. அதுக்குள்ள வேணுமாம்."

"என்ன விசாரணை? யாருக்கு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரைத் தொழிற்சாலை ஒன்று. இதய நோயாளிகள் தினம் ஒன்று போட்டுக்கொள்ளும் மாத்திரையை அட்டைகளில் அடைக்கிறார்கள். ஓர் அட்டைக்குப் பத்துக் குழி. குழியில் மாத்திரை இல்லாவிட்டால் கேமரா பார்த்துச் சொல்லும், அட்டை தள்ளுபடித் தொட்டிக்குப் போகும். ஆனால் ஒரு குழி காலியான பதினோரு அட்டைகள் நோயாளிகளின் புகாரோடு கடைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டன. அட்டையில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்தால் எல்லாமே பிற்பகல் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் அடைத்தவை. மூன்றாவது லைன். அந்த லைனில் நின்ற பெண் ஆபரேட்டர்மேல் குற்றச்சாட்டு: எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காகத் தள்ளுபடித் தொட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து நல்ல பெட்டியில் போட்டார்.

"பாத்தாங்களா?" என்று கேட்டார் மாடியக்கா.

"யாரும் பாக்கல. மெஷின் சரியா இருந்துச்சுன்னா வேற வழியில்லையேன்னு..."

"விசாரணைக் கோப்பு இருக்கா?"

மேலாளருக்கு எரிச்சல்தான். ஆனாலும் மின்னஞ்சலில் வந்திருந்த கோப்பை அனுப்பிவைத்தார். மாடியக்கா அதை முழுதாகப் படித்தார். பதினான்காவது பக்கத்தில் ஆபரேட்டர் கைப்பட எழுதிய விளக்கம். அதன் நான்காவது பத்தி இது: "காலையில் சிவப்பு விளக்கு மணிக்கு ஆறேழு முறை எரியும். அப்போது அந்த அட்டையைச் சந்தேகப்பட்டு மெஷின் தானே ஒதுக்கிவிடும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அந்த விளக்கு எரிவதே இல்லை. இதை மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னேன்."

அந்தப் பத்தியின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் "தொடர்பில்லாதது" என்று எழுதியிருந்தார்கள். மேற்பார்வையாளரின் வாக்குமூலமும் கூடவே இருந்தது. அந்தப் பெண் சொன்னது உண்மைதானாம், அவரும் கவனித்திருக்கிறாராம். பிற்பகல் அந்த லைனுக்கு ராசியான நேரம் என்று நினைத்தாராம்.

ராசி! அறிவியல் செய்த இயந்திரத்தின் முன்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவர், ஒரு எண் விளங்காமல் போனதும் அதற்கு வைத்த பெயர் இது. விளங்காத எண்ணுக்கு நல்ல பெயர் வைத்துவிட்டால் அதை விசாரிக்க வேண்டியதில்லை. அந்த ராசியின் நிழலில்தான் பதினோரு நோயாளிகளுக்கு ஒரு நாள் மருந்து இல்லாமல் போனது. அதே நிழலில் ஒரு பெண் திருட்டுப் பட்டம் வாங்க வரிசையில் நின்றார்.

மாடியக்கா கோப்போடு வந்திருந்த லாக்கைத் திறந்தார். காலையில் மணிக்கு ஆறு, ஏழு, ஒன்பது பிழைகள். பிற்பகல் பூஜ்யம். முந்தின நாளும் அப்படியே. முந்தின மாதமும் அப்படியே. எட்டு மாதம் பின்னால் போகும்வரை பிற்பகல்களில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணே இல்லை. அதற்கு முன்னால் பிற்பகல்களிலும் ஐந்து, எட்டு என்று பிழைகள் சாதாரணமாகப் பதிவாகியிருந்தன.

அன்று மாலை நாத்தனார் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மாடியக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு கணக்கு. ஒருத்தன் காலையில எழுதற பரீட்சையில தினம் ஆறு தப்பு விடறான். மதியம் எழுதறதுல ஒரு தப்புகூட இல்ல. எட்டு மாசமா. என்ன அர்த்தம்?"

நாத்தனார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "திருத்தற டீச்சர் மதியம் சிவப்புப் பேனாவ வீட்ல மறந்து வெச்சிட்டு வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"அனுபவம் பேசுதா?"

"அண்ணி, எனக்குத் தொண்ணூறு தாள் பாக்கி. ஒண்ணு உதவி பண்ணுங்க, இல்ல போய் உலை வைங்க."

மறுநாள் காலை மாடியக்கா தொழிற்சாலைக்குத் தொலைபேசி போட்டு மின்பணியாளரைக் கேட்டார். "எட்டு மாசம் முன்னால சாப்பாட்டு நேரத்துல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலையேங்க. ஆங், மின்சாரத்த மிச்சம் பிடிக்கணும்னு ஒரு சர்க்குலர் வந்துச்சு. லைன் நின்னு கால் மணி நேரம் யாரும் தொடலன்னா கம்ப்யூட்டர் தானா தூங்கிடும். அதுக்கு முன்னெல்லாம் காலையில போட்டா சாயங்காலம் அணைக்கிறவரைக்கும் முழிச்சேதான் இருக்கும்."

மாடியக்கா போனை வைத்தார். பிறகு ஏழு கணினிகளில் ஒன்றை இழுத்து, அதே வகைக் கார்டைச் செருகினார்.

அந்தக் கார்டுக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சின்னச் சின்னப் பெட்டிகள் உண்டு. ரெஜிஸ்டர் என்பார்கள். படம் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் அந்த எண்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் நான்கு பெட்டிகளுக்கு ஒரே வேலை: வரும் தரவு வழியில் சேதமானால் உடனே முறையிடு என்று கார்டுக்குச் சொல்வது. கணினி தூங்கும்போது கார்டுக்கு மின்சாரம் நிற்கும், பெட்டிகளில் இருப்பது அழிந்துவிடும். அதனால் தூங்குவதற்கு முன்னால் டிரைவர் எல்லா எண்களையும் குறித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் திரும்பப் போட வேண்டும்.

தூங்குவதற்கு முன்னால் நான்கு பெட்டிகளையும் படித்தார். எண்கள் சரியாக இருந்தன. கணினியைத் தூங்கவைத்தார். எழுப்பினார். மறுபடி படித்தார். கார்டு செய்யப்பட்ட அன்று இருந்த பழைய மதிப்புகள். எதையும் முறையிடாதே என்று பொருள்படும் எண்கள். கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி ஆட்டினார். தரவு சேதமானது, படம் பாதியில் அறுந்தது. கார்டு வாய் திறக்கவில்லை. அதைவிட மோசம், புதுப் படம் வந்து சேராததால் நினைவகத்தில் முந்தின படமே கிடந்தது. மென்பொருள் அந்த முந்தின அட்டையின் படத்தையே மறுபடி பார்த்து, நல்ல அட்டை என்று தலையாட்டியது.

பிறகு நிரலைத் திறந்தார். தூங்கும் முன் குறித்து வைக்கும் பகுதி. இருபத்திரண்டு பெட்டிகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. அந்த நான்கு இல்லை. அவை ஏன் இல்லை என்பதற்கு ஒரு குறிப்பும் இருந்தது: "இந்த நான்கும் நம் பொறுப்பல்ல. கணினியின் தொடக்க நிரல் போட்டுவிடும்." ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் மாடியக்காவின் பெயர்.

குறிப்பில் பொய் இல்லை. கணினியை அணைத்துப் போட்டால் தொடக்க நிரல் அந்த நான்கையும் நிரப்பும். தூங்கி எழுந்தால் நிரப்பாது. அப்போதும் அவர் சோதிக்காமல் விடவில்லை. தூங்கவைத்தார், எழுப்பினார், படம் வந்தது, சரி என்று குறித்துக்கொண்டார். எழுந்த பிறகு வேலை செய்கிறதா என்று பார்த்தார். எழுந்த பிறகு முறையிடுகிறதா என்று பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே உரிய தவறு இது. படம் வரும்போது யாருக்கும் வேறு எதுவும் தோன்றுவதில்லை.

மாடியக்கா ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இரண்டாம் முறையும் சோதித்தார். மூன்றாம் முறையும். மூன்று முறையும் ஒரே விடை.

வியாழக்கிழமை காலை தொழிற்சாலை வாசலுக்குப் போனார். இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் தினமும் ஒன்பது மணிக்கு வாசலில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கே விதி. வேலை கிடையாது, ஆனால் வர வேண்டும். சக தொழிலாளிகள் உள்ளே போகும் அதே நேரத்தில், அவர்கள் பார்க்க. எந்தப் புத்திசாலி இந்த விதியை யோசித்தாரோ! தண்டனை முடிவாகும் முன்பே தண்டனை.

ஆபரேட்டருக்கு முப்பத்தாறு வயது இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாடியக்கா பக்கத்தில் போய், எங்கிருந்து வருகிறார் என்று சொன்னார்.

"ஓ, மெஷின் வீட்டுக்காரங்களா? வாங்க வாங்க. உங்க பொண்ணு தங்கமாம். தப்பே பண்ணாதாம். நான்தான் கெட்டவளாம்."

"என் பொண்ணு பொய் சொல்லலம்மா. ஆனா மதியத்துக்கு மேல அவ வாயே திறக்கல. அவ வாய கட்டிப்போட்டது நான்தான். தெரியாம."

ஆபரேட்டரின் கை வாரிலேயே நின்றது. மாடியக்கா பாதியில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டிகள், தூக்கம், பழைய படம், ஒன்பது வருடத்துக் குறிப்பு. கேட்டு முடித்ததும் ஆபரேட்டர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"எட்டு மாசத்துல ரெண்டு தடவ சொன்னேன். வெளக்கு எரியல, வெளக்கு எரியலன்னு. ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கல. உனக்கு ராசிம்மா, வாய மூடுன்னாங்க." குரல் உயரவில்லை. "ஒண்ணு சொல்லட்டா? போன வாரம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். கை தவறி எடுத்துப் போட்டிருப்பேனோன்னு. தூக்கத்துல நடக்கறவங்க மாதிரி. எத்தனை தடவ ஒருத்தியப் பாத்து நீதான்னு சொன்னா, அவளே நம்பிடுவா தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு வருவீங்களா? இந்தப் பேரோட வெளிய போனா எந்த மருந்துக் கம்பெனியும் என்னைச் சேத்துக்காது. பதிமூணு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல இதுதான்."

"வருவேன்."

"உங்க ஆபீஸ் விடுமா?"

"தெரியல. ஆனா வருவேன்."

ஆபரேட்டர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. யாரும் கிடைக்காமல் அப்படியே மடித்து வைத்திருந்தாராம். முழங்காலில் வைத்து மாடியக்காவின் பெயரை எழுதினார். "எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க. அதையும் என் மேல போட்டுடுவாங்க."

பிற்பகல் மேலாளரிடம் போனபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, அடுத்த அப்டேட்டோட சத்தமில்லாம சரி பண்ணிடலாமே."

"சத்தமில்லாம இருந்ததுதான் தம்பி பிரச்சினையே."

"நாப்பத்தொரு ஃபேக்டரில அந்தக் கார்டு ஓடுது. அத்தன பேரும் நம்ம கழுத்தப் பிடிப்பாங்க."

"அந்த நாப்பத்தொரு ஃபேக்டரி லைன்லயும் ஆள் நிக்கிறாங்க. அவங்க கழுத்த யாரு பிடிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது."

"உங்க பேரு வரும்."

"எழுதினவ பேரு வராம எதுத்த வீட்டுக்காரி பேரா வரும்?"

"நாளைக்கு நான் உங்களுக்கு லீவு தர முடியாது."

"கேக்கல. சொல்லிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை மாடியக்கா கணினியைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாமல் நின்றபோது, யாரோ பின்னாலிருந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்கள். மேலாளர். இரண்டாவது மாடி லிப்ட் வரை தூக்கிவந்து வைத்துவிட்டு, "நான் இன்னிக்கு உங்களப் பாக்கவே இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார். பயந்த மனிதர்தான். ஆனால் பயம் கையைக் கட்டிப்போடாத அளவுக்கு நல்லவர்.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. மாடியக்கா கணினியை வைத்துத் தூங்கவைத்து எழுப்பிக் காட்டினார். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது நீங்க கொண்டு வந்த மெஷின். எங்க மெஷின் இப்படிச் செய்யுதுன்னு எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். மாடியக்கா பதில் சொல்லும் முன் ஆபரேட்டர் எழுந்தார்.

"அப்ப வாங்க சார், நம்ம மெஷின்லயே பாத்துடலாம். மணி பன்னெண்டு. மூணாவது லைன் ஓடிக்கிட்டிருக்கு. அர மணி நேரத்துல சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவாங்க. முன்னயும் பாருங்க, பின்னயும் பாருங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேட்பது குற்றம் சாட்டப்பட்டவர். மறுத்தால் நன்றாக இருக்காது. போனார்கள்.

லைனைச் சோதனை ஓட்டத்துக்கு மாற்றினார்கள். ஆபரேட்டர் கையுறை போட்டுக்கொண்டு, நல்ல அட்டைகளுக்கு நடுவில் ஒரு குழி காலியான இருபது அட்டைகளை வைத்தார். மாடியக்கா கேபிளின் முனையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். படம் அறுந்தபோதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. மற்றவற்றில் கேமரா காலிக் குழியைக் கண்டது. இருபதும் தொட்டிக்குப் போயின. அதிகாரி தாமே எண்ணினார்.

மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அந்த ஐந்து பேர் மட்டும் அங்கேயே நின்றார்கள். பதினைந்து நிமிடத்தில் திரை இருண்டது. கொஞ்ச நேரம் விட்டு அதிகாரியே ஒரு விசையைத் தட்டி எழுப்பினார். அதே இருபது அட்டைகள். அதே கேபிள், அதே ஆட்டம். சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை.

தொட்டியில் பதினாறு அட்டைகள். நான்கு காலிக் குழி அட்டைகள் நல்ல பெட்டியில், நல்ல அட்டைகளோடு அடுக்காக உட்கார்ந்திருந்தன.

அதிகாரி அந்த நான்கையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும் தொடல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"நானும் தொடல சார்" என்றார் ஆபரேட்டர்.

அன்றே உத்தரவு வந்தது. உடனே வேலைக்குத் திரும்பலாம். ஆனால் அந்தத் தாளின் வாசகம் இது: "சந்தேகத்தின் பலனை அளித்து, எச்சரிக்கையுடன் மீண்டும் பணியில் அமர்த்தப்படுகிறார்."

ஆபரேட்டர் படித்தார். "எந்தச் சந்தேகம்?" என்று கேட்டார்.

தாளைக் கொடுத்த எழுத்தர் சொன்னார்: "அது எப்பவும் போடற வாசகம்மா. வேல கெடச்சுதுல்ல, கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க."

"எந்த எச்சரிக்கை? வெளக்கு எரியலன்னு இனிமே சொல்லாதேன்னு எச்சரிக்கையா?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி வாசலுக்கு வந்து, இடைநீக்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். செவ்வாயும் போட்டார். அன்று அவருக்கு முன்னால் வந்த சில தொழிலாளிகள் உள்ளே போகாமல் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். புதன்கிழமை வேறு தாள் வந்தது. ஒரே வரி: குற்றச்சாட்டு தவறானது. ஆபரேட்டர் அதை இரண்டு முறை படித்தார். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாடியக்கா எழுதிய திருத்தம் சின்னது. தூங்கும் முன் நான்கு பெட்டிகளையும் குறித்துக்கொள், எழுந்ததும் திரும்பப் போடு. ஒன்பது வருடத்துக் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே, இது தவறு, ஏன் தவறு என்று எழுதினார். நாற்பத்தொரு தொழிற்சாலைகளுக்கும் போன கடிதத்தின் முதல் வரி: "கணினி தூங்கி எழுந்த பிறகு எங்கள் கார்டு பிழைகளை முறையிடவில்லை. தவறு என்னுடையது." இரண்டாவது வரி: "கார்டில் இந்தக் குறை இருந்த காலத்தில் பிழை பதிவாகவில்லை என்பதைக் காரணம் காட்டி யார்மீதாவது நடவடிக்கை எடுத்திருந்தால், அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்கவும்."

மேலாளர் இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொன்னார். "திருத்தம் கருவிக்கு மட்டும்தான், ஆளுக்கு இல்லையா?" என்று கேட்டார் மாடியக்கா. வரி இருந்தது. அவருடைய அந்த வருடத்துப் பணி மதிப்பீட்டில் "குழுவோடு ஒத்துப்போகவில்லை" என்று ஒரு குறிப்பும் சேர்ந்தது. நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "எந்தக் குழு அண்ணி? மூணாவது மாடியில நீங்க ஒரே ஆள்தானே?" என்றார்.

பல தொழிற்சாலைகள் பதில் போடவில்லை. நன்றி என்று மட்டும் சில. மூன்று தொழிற்சாலைகள் வேறு மாதிரி எழுதின: எங்களிடமும் ஒருவர்மேல் நடவடிக்கை உண்டு. ஒருவருக்குச் சம்பள உயர்வை நிறுத்தியிருந்தார்கள், அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒருவரை வேறு பிரிவுக்குத் தள்ளியிருந்தார்கள், அவர் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். மூன்றாமவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். கண்ணாடிக் குப்பிகளில் மருந்து நிரப்பும் தொழிற்சாலை, இரண்டாவது லைன். நாற்பதைத் தாண்டியவர், இடது கையால் எழுதுபவர். அவர் குடியிருந்த வீட்டில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். கடிதம் திரும்பி வந்துவிட்டது. மாடியக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போய் விசாரிக்கிறார். ஆபரேட்டரும் ஒருமுறை கூடப் போனார். இன்னும் கிடைக்கவில்லை.

அவரிடமும் யாராவது "நீதான்" என்று பலமுறை சொல்லியிருப்பார்கள். அவரும் அதை நம்பியிருக்கக்கூடும். இப்போது எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கிறாரோ தெரியாது. நீங்கள் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் ஆளாக இருக்கலாம். உங்கள் கட்டடத்தின் காவலாளியாக இருக்கலாம். குப்பித் தொழிற்சாலையில் வேலை போனது என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், தயவுசெய்து அங்கேயே பேச்சை நிறுத்தி, எந்த லைன் என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அவரிடம் சொல்லுங்கள்: தவறு உங்களுடையது இல்லை, கோப்பு திறந்திருக்கிறது, வந்து தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.